கூடுதலாக ஒரு தகடு

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

இன்று இருபத்தாறு வளையம். தோள் கழன்று விழும்போல இருக்கிறது.

காலையில் வெள்ளைப் பூச்சு, மின்சாரம் இரும்பில் இறங்காமலிருக்க. மதியம் அதன்மேல் உலோகப் பூச்சு, தலைமுடியைவிட மெல்லிசு. நாளைக்கு லேசர் அறையில் மதிவாணன் அந்தப் பூச்சில் மடித்து மடித்துக் கோடு வெட்டுவான். அவ்வளவுதான், சென்சார் தயார். பம்பு ஓடும்போது வளையம் இம்மி இழுபட்டாலும் அந்தக் கோடு சொல்லிவிடும். தரமணியில் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்பதைப் பெரும்பாக்கத்தில் யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. "எம் பொண்ணு பெயின்ட் அடிக்கிறா" என்றுதான் அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள்.

வளையங்களோடு இரண்டு சின்னத் தகட்டுக்கும் பூச்சு அடித்து வைத்தேன். தீப்பெட்டி அகலம்தான். ஒன்று டெஸ்ட் பீஸ். லேசர் ஓட்டுகிறவர் முதலில் அதில் ஒரு நேர்க்கோடு வெட்டி, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை என்றால் வெட்டு சரி, வேலையை ஆரம்பிக்கலாம்.

"அக்கா, டெஸ்ட் பீஸ் ஒண்ணு போதும்ல? நீங்க எப்பவும் ரெண்டு குடுக்குறீங்க" என்றான் மதிவாணன். பழக்கம்பா என்றேன். இரண்டாவதைக் குப்பைத் தொட்டியில் போட்டான். சாயங்காலம் நான் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது சாய்மாவுக்கு. மதிவாணனுக்கு முன்னால் லேசர் ஓட்டியவள். அவள் வேலையை விட்டுப் போய் ஏழு மாதமாகிறது. என் கைக்கு இன்னும் அது உறைக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பிஸ்கட் டப்பாவில் சேர்த்த தகடுகளை எண்ணினேன். வெட்டாத தகடு நூற்றுப் பதினெட்டு. அடியில் சாய்மா வெட்டித் தந்தவை முப்பத்தொன்று.

டெஸ்ட் பீஸில் கோடு வெட்டிப் பார்த்த பிறகு, இரண்டாவது தகட்டில் எனக்காக எதையாவது வெட்டுவாள். கெண்டை மீன். சைதாப்பேட்டை பாலத்தில் நிற்கும் பஸ். ஒரு முறை என் மூக்கு, மூக்குத்தியோடு. மதியத்துக்குள் அது என் மேசைக்கு வந்துவிடும். நான் பார்த்துவிட்டுத் திட்ட வேண்டும், அது முறை. மூக்குக்கு இரண்டு நாள் திட்டினேன்.

ஸ்ப்ரே அறைச் சத்தத்தில் காதை மூடிக்கொண்டுதான் வேலை. எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். மூன்று விரல் காட்டினால் சாப்பிடப் போகலாம். முஷ்டி என்றால் சூப்பர்வைசர் செந்தில் சார் வருகிறார். இப்போது ஜன்னலைப் பார்த்தால் மதிவாணனின் முதுகு. நல்ல பிள்ளைதான். முதுகு மேல் எனக்கு என்ன கோபம்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அம்மாவுக்குக் குக்கர் வளையம் வேண்டும், அதுவும் மாம்பலத்தில்தான் வாங்க வேண்டும். பெரும்பாக்கத்தில் கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் சைதாப்பேட்டையில் இருந்தபோது மாம்பலத்தில் வாங்கியவள் மாம்பலத்தில்தான் வாங்குவாள்.

ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் பெயர்ப்பலகைக் கடை ஒன்று. வாசலில் பிளாஸ்டிக் பிள்ளையார், மரத்தில் வெட்டிய எழுத்துகள். உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சாய்மா. தலைத் துணியை இரண்டு கிளிப் போட்டுப் பின்னால் இறுக்கியிருந்தாள், லேசர் அறையில் போடுவதைப்போலவே. ஒரு பெட்டி மெஷினில் யார் வீட்டுப் பெயரையோ வெட்டிக்கொண்டிருந்தாள். தலைமுடியைவிட மெல்லிய கோடு வெட்டிய கை அது.

"நம்ப சாய்மாதானே அது? போயி பேசு" என்றாள் அம்மா.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இன்னா நேரம்? ஞாயித்துக்கெழமதானே?"

நான் முன்னால் நடந்துவிட்டேன். அம்மா வழியெல்லாம் குக்கர் வளையத்தைப் பற்றி மட்டும் பேசினாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது எழுதாவிட்டால் எனக்கு எதற்கு ஒரு நோட்டு?

போன வருடம் அக்டோபர் பத்தாம் தேதி கம்பெனியில் ஆயுத பூஜை. மறுநாளிலிருந்து மூன்று நாள் லீவு. சாய்மா தன் மெஷினைத் துடைத்து, லேசர்த் தலைக்கு மூடி போட்டுவிட்டு மதியமே கிளம்பினாள். அவள் அம்மா அமீனா பீயைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. செந்தில் சார் என் கையில் கற்பூரத் தட்டைக் கொடுத்து, "எல்லா மெஷினுக்கும் காட்டிட்டு வாங்க அன்பு" என்றார்.

எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். சாய்மா மெஷின் மட்டும் மூடி போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மெஷின் மட்டும் என்ன பாவம் செய்தது? மூடியைக் கழற்றினேன். பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். லேசர்த் தலை கீழே பார்த்து நிற்கும். கற்பூரத் தட்டை அதற்கு நேர் கீழே பிடித்து மூன்று சுற்று சுற்றினேன். புகை நேரே மேலே போனது. நன்றாக இருக்கிறதென்று இன்னொரு சுற்றும் சுற்றினேன். பிறகு மூடியைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

கற்பூரப் புகையைத் தட்டில் பிடித்துக் கண்மை கூட்டுவார்கள். எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் எனக்கே கூட்டியிருக்கிறார்கள். லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் அதே கரி படிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் லேசருக்குத் தெரியும்.

பதினான்காம் தேதி காலையில் அவள் வெட்டியது நாற்பத்திரண்டு வளையம். வெட்டு அடிவரை இறங்கவே இல்லை. நாற்பத்திரண்டிலும் கோடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. எல்லாவற்றையும் மணல் அடித்து உரிக்க வேண்டியதாயிற்று.

அன்று டெஸ்ட் பீஸ் என்ன ஆயிற்று? அதுவும் என்னால்தான். லீவு அவசரத்தில் நான் ஒரே ஒரு தகடுதான் அடித்து வைத்திருந்தேன். அவள் அதில் கோடு வெட்டவில்லை. எனக்கு வாழைமரம் வெட்டினாள், பூஜைக்கு இல்லாமல் போய்விட்டோமே என்று. படத்துக்கு மீட்டர் வைக்க முடியாது. செந்தில் சார் எல்லோர் முன்னாலும், "டெஸ்ட் பீஸ் எங்க சாய்மா?" என்று கேட்டபோது அது என் கோட் பாக்கெட்டில் இருந்தது. அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "போடல சார்" என்றாள்.

பிறகு எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நான் போனப்பறம் என் மிஷின் மூடிய யாராச்சும் எடுத்தீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

பயந்துவிட்டேன். அவ்வளவுதான் காரணம். பெரிதாக வேறொன்றும் இல்லை. கவனக்குறைவு என்று அவள் பெயரில் எழுதி, அவளைப் பாக்கிங்குக்கு மாற்றினார்கள். டிசம்பர் கடைசியில் அவள் நின்றுவிட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மறுபடி மாம்பலம். கடைக்கு எதிரே ஊக்கு விற்கிறவரிடம் அரைமணி நேரம் நின்றேன். மூன்று அட்டை ஊக்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் யாருக்கு இத்தனை ஊக்கு?

ஆகஸ்ட் 28, வியாழன்

மதிவாணனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதத்தோடு போகிறான். பிரியாணி வாங்கித் தந்தான். செந்தில் சார் எலும்பைக் கடித்துக்கொண்டே, "இந்த வேலைக்கு ஆள் கிடைக்கிறது லேசில்ல. சாய்மா கை மாதிரி ஒரு கை... என்ன பண்றது, அந்த ஒரு தப்பு" என்றார்.

வாய்வரை வந்தது. பிரியாணியோடு விழுங்கினேன். சீ, நானெல்லாம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பெசன்ட் நகர் மாதா கோயிலில் இன்று கொடியேற்றம். பஸ்ஸெல்லாம் காவி உடுத்தியவர்கள். வருடா வருடம் இந்தப் பத்து நாளில் ஒரு சாயங்காலம் நானும் சாய்மாவும் போவோம். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி. "எல்லாத்தையும் ஒரே ரவுண்டுல முடிச்சிட்டோம்" என்பாள். பஜ்ஜியில் மிளகாயை எனக்குத் தந்துவிட்டு மாவை மட்டும் அவள் சாப்பிடுவாள். பத்து வருடம் அவள் மிளகாயைச் சாப்பிட்டிருக்கிறேன்.

கோயிலுக்குப் போக இன்று இறங்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்விட்டேன். அவளைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் எனக்கு.

செப்டம்பர் 7, ஞாயிறு

போனேன். கடைக்கு உள்ளேயே போனேன்.

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பிளாஸ்டிக் கருகும் வாடை. சாய்மா நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"இன்னா போர்டு வோணும்?"

யாரோ வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல. பையிலிருந்து வெட்டாத தகடு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன். எதற்குக் கொண்டுபோனேன், எதற்கு வைத்தேன், தெரியவில்லை.

எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "ஓரத்துல தடிப்பா கீது. கை தளந்துடுச்சா உனுக்கு?" பிறகு என் பக்கம் தள்ளினாள். "இந்த மிஷினு மரத்தையும் பிளாஸ்டிக்கையும்தான் வெட்டும். இதுல ஒரு கோடு கூட வுழாது."

"மூடிய நான்தான்டி எடுத்தேன்" என்றேன்.

"தெரியும்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை.

"மூடில செவப்புப் புள்ளி கீதுல்ல? அத்த எப்பவும் செவுத்துப் பக்கமா வெச்சிட்டுதான் கெளம்புவேன். அன்னிக்கி வாசல பாத்துக்கினு இருந்துச்சி. பக்கத்துல ஒரு பொட்டு குங்குமம். என் மிஷினுக்குன்னு மெனக்கெட்டுப் பொட்டு வெக்கறவ அந்தக் கம்பெனில வேற யாரு?"

"அப்போ ஏன்டி சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்." மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டிசம்பர் வரிக்கும் பாத்தேன்."

நான் அழுதேன். கடை என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் அழவில்லை. நடுவில் ஒருவர் வந்து கல்யாண போர்டுக்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். நாலு நாள் என்று அவருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? மூணு கம்பெனில இன்டர்வியூ போனேன். லேசர் வேலையெல்லாம் செஞ்சி காட்டுனேன். அப்பறம் பழைய கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேக்கறாங்க, கவனக்குறைவுன்னு பதில் வருது. சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லு."

தகட்டை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே வந்து என் பையில் போட்டுவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 8, திங்கள்

காலை ஒன்பதரைக்கு செந்தில் சாரிடம் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே, ஒரே மூச்சில். வாழைமரத் தகட்டையும் மேசைமேல் வைத்தேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். மறுபடி கழற்றினார். "பதினோரு மாசம் அன்பு" என்றார். பிறகு, "கற்பூரத் தட்டை உங்க கையில குடுத்ததே நான்தானே?"

"ஆமா சார்."

"அந்தப் பொண்ணை எல்லார் முன்னாலயும் என்னவெல்லாம் பேசிட்டேன்."

வாழைமரத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். இலைக் கிழிசல்கூட வெட்டியிருக்கிறாள். கரி படிந்த கண்ணாடி வழியாக.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று யாரும் என்னோடு சாப்பிட வரவில்லை. சரிதான்.

செப்டம்பர் 15, திங்கள்

பதிவேட்டில் சாய்மா பெயருக்கு எதிரே இருந்த பழைய வரியை அடித்துவிட்டு, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னார் செந்தில் சார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். வேலை இருக்கிறது; அடுத்த தப்புக்கு இருக்காது என்று எழுதியிருக்கிறது. திருத்திய பக்கத்தின் நகலைச் சாய்மாவுக்கு அனுப்பிவிட்டு, அவரே அவளுக்குப் போன் செய்தார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்து, "திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருக்கேன். பாக்கலாம்னு சொல்லுது" என்றார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிசி புடைத்தாள். "பொட்டு வெச்சது தப்பில்ல" என்றாள். "அந்தப் பொண்ணு கேட்டப்போ மரமாட்டம் நின்ன பாரு. அதான்."

செப்டம்பர் 21, ஞாயிறு

மாம்பலம் போகவில்லை. போனால் பதில் கேட்பதுபோல ஆகிவிடும். துணி துவைத்தேன். ஊக்கு அட்டைகளை எண்ணினேன். போனைப் பார்த்தேன். துவைத்த துணியையே மறுபடி அலசினேன்.

அவள் வராவிட்டால்? வராவிட்டால் என்ன, பெயர் சரியாயிற்று, வேறு நல்ல இடம் கிடைக்கும். அதுதானே வேண்டும் என்று இங்கே எழுதலாம். பொய். வரவேண்டும். எனக்கு அவள் வரவேண்டும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கம்பெனியில் ஆயுத பூஜை. மதிவாணனுக்கு இன்று கடைசி நாள். லேசர்த் தலைக்கு மூடி போட்டுவிட்டுச் சாவியை செந்தில் சாரிடம் கொடுத்தான். நான் போய், சிவப்புப் புள்ளி சுவர்ப் பக்கம் பார்க்கிறதா என்று ஒரு தடவை பார்க்கட்டுமா என்றேன். சார் அறையைத் திறந்துவிட்டார். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கென்ன தெரியும்? கழற்றாமல் அப்படியே திருப்பி வைத்தேன்.

இந்த வருடம் கற்பூரம் வாசலோடு சரி. தட்டை வேறொருவர் பிடித்தார். என் கையில் யாரும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக அவள் மெஷினைப் பார்த்துக் கும்பிட்டேன். பொட்டில்லாமல் மொட்டையாக நின்றது.

பொரி கடலைப் பொட்டலம் ஆளுக்கு ஒன்று. நான் இரண்டு எடுத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

சோழிங்கநல்லூரில் பஸ் நகரவே இல்லை. ஒன்பது பத்துக்குத்தான் உள்ளே நுழைந்தேன். லேசர் அறையில் விளக்கு எரிந்தது. ஜன்னலில் தலைத் துணி, இரண்டு கிளிப்.

யாரும் என்னிடம் சொல்லவில்லை. செந்தில் சார் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தார்.

லீவுக்கு முன்பே அடித்து வைத்த பதினெட்டு வளையமும் தட்டில் இருந்தன. கூடவே இரண்டு தகடு. தட்டை ஜன்னல் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன். முதல் நாலு வளையம் பூச்சு திட்டுத் திட்டாக விழுந்தது. உரித்துவிட்டு மறுபடி அடித்தேன்.

பகல் பன்னிரண்டே முக்காலுக்கு ஜன்னலைப் பார்த்தேன். அவளும் நிமிர்ந்தாள். மூன்று விரல் காட்டலாமா? கையைப் பாதி தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டேன். அவள் குனிந்துவிட்டாள். பாக்கிங் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். "உங்க அம்மா கண்ணு எப்படி கீது?" என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது. "ஆப்பரேசன் ஆயிடுச்சி, இப்போ என்னியவே நல்லா தெரியுதாம்" என்று சிரித்தாள். ஏழடி தூரத்தில் அந்தச் சிரிப்பு.

சாயங்காலம் காதடைப்பைக் கழற்றிவிட்டு மேசைக்கு வந்தேன். மேசைமேல் ஒரு தகடு.

படம் எதுவும் இல்லை. நடுவில் ஒரே ஒரு நேர்க்கோடு. அதற்குக் கீழே பேனாவில் தேதி, நேரம், அவள் கையெழுத்து. நானும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒட்டு இல்லை. சுத்தமான வெட்டு. டெஸ்ட் பீஸ் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு தகட்டைத் தேடினேன். தட்டில் இல்லை, அலமாரியில் இல்லை. எல்லோரும் போனபிறகு குப்பைத் தொட்டியையும் கிளறினேன். அதிலும் இல்லை. அவள் தூக்கிப் போடவில்லை.

நாளைக்கு முப்பது வளையம். இரண்டு தகடு வைப்பேன்.